ஆபத்து நீங்கிய பிறகும் துணை வேண்டும்

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





கல்வி உதவி, விதவைகள் உதவி, நோன்புக் கஞ்சி அரிசி என்று பல விஷயங்களை இந்த இடத்தில் பேசியிருக்கிறோம். சர்க்கரை நோய்க்கும் கண் புரைக்கும் முகாம் நடத்தியிருக்கிறோம். இன்று மன நோயைப் பற்றிப் பேசப் போகிறேன். இரண்டே கேள்விகள். வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று மனம் நிலைகுலைந்தால் அன்றைக்கே எங்கே போவது? அந்த ஆபத்து நீங்கிய பிறகு வைத்தியத்தை எப்படித் தொடர்வது? முதல் கேள்விக்குப் பதில் தெரிந்த வீடுகள் நம்மிடையே குறைவு. இரண்டாவது கேள்வியைக் கேட்கிற வீடுகள் அதைவிடக் குறைவு.

ஏர்வாடியை நினைவுபடுத்தித்தான் தொடங்க வேண்டும். 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய ஒரு மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு அங்கிருந்த அத்தகைய காப்பகங்களை அரசு மூடியது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

அங்கே இருந்தவர்கள் வேண்டாதவர்களின் பிள்ளைகள் அல்ல. எல்லா மதத்துக் குடும்பங்களும் தங்கள் மகனையோ மனைவியையோ அண்ணனையோ அங்கே கொண்டுபோய் விட்டிருந்தார்கள். தர்ஹாவில் தங்கினால் குணமாகும் என்ற நம்பிக்கை ஒரு காரணம். ஊரில் எங்கே போவது என்று தெரியாதது இன்னொரு காரணம். முதலில் கூட்டிப் போனபோது பாசத்தோடுதான் போனார்கள். ஆனால் கொண்டுபோய் விட்ட பிறகு, அடுத்து என்ன என்பதற்கு அவர்களிடம் வழி இல்லை. அந்த வழியைக் கண்டுபிடிப்பதுதான் இன்றைய பேச்சு.

"அப்படியானால் ஓதிப் பார்ப்பதை விட்டுவிடச் சொல்கிறீர்களா?" என்று சிலர் கேட்பீர்கள். இல்லை. ஓதுங்கள், துஆ செய்யுங்கள், ஸதகா கொடுங்கள். ஆனால் மருந்தையும் கொடுங்கள். அல்லாஹ் எந்த நோயையும் அதற்கான நிவாரணம் இல்லாமல் இறக்கவில்லை என்பது ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்த பாடம். அதில் உடம்பு நோய், மன நோய் என்ற பிரிவினை இல்லை. ஏர்வாடியிலேயே பின்னாளில் தமிழக அரசு "தவா - துஆ" என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. துஆவுக்காக வருகிறவர்களுக்கு அதே ஊரிலேயே மனநல மருத்துவரும் மருந்தும் கிடைக்கச் செய்த திட்டம் அது.

நம் முன்னோர்களுக்கு இது புதிதும் அல்ல. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. அதற்கும் முன்னால், 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர் உடல் நலனையும் உள்ள நலனையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். காரணம் தெரிந்து வருகிற துக்கம் வேறு, காரணமே தெரியாமல் வந்து அழுத்துகிற துக்கம் வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். இன்றைய மருத்துவர்களும் நோயாளியிடம் அதை விசாரிக்கிறார்கள்.

"ஈமான் பலமாக இருந்தால் இதெல்லாம் வராது" என்கிற பேச்சையும் நாம் நிறுத்த வேண்டும். மகன் யூசுஃபைப் பிரிந்த கவலையில் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண் பார்வை போனது. கதீஜா நாயகியும் பெரிய தந்தை அபூதாலிபும் மறைந்த ஆண்டை வரலாற்றாசிரியர்கள் துக்க ஆண்டு என்றே குறிப்பிடுகிறார்கள். நபிமார்களுக்கே துக்கம் வந்திருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் அவன் ஈமானை எடைபோட நாம் யார்?

இது நம் வீட்டு விஷயம்தானா என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் வைத்தியமே பார்க்கவில்லை. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. மாநிலங்களில் நாம் இரண்டாவது இடம். மார்க்கம் அதைத் தடுத்திருக்கிறது, உண்மை. தடுக்கப்பட்டது என்று சொல்லிவிட்டு நம் வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிட முடியாது. அந்த எண்ணம் வந்தவரின் கையைப் பிடித்துக் கரையேற்றுவது யார் கடமை?

இப்போது முதல் கேள்வி. எதை அவசரம் என்று எடுத்துக்கொள்வது?

"நான் இருந்து என்ன பயன்", "நான் போய்விட்டால் உங்களுக்குப் பாரம் குறையும்" என்று ஒருவர் சொன்னால் அது அவசரம். பல இரவுகள் தூங்காமல், இல்லாத குரல் கேட்கிறது, எல்லோரும் சேர்ந்து என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று பேசினால் அவசரம். சாப்பாடு தண்ணீர் இரண்டையும் மறுத்தால் அவசரம். பிள்ளை பெற்ற சில நாட்களில் தாய் தூக்கம் கெட்டு, சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைக் கண்டு பயந்தால் மிகவும் அவசரம். அந்தப் பெண்ணைக் காற்றுக் கருப்பு பிடித்தது என்று மூலையில் உட்கார வைக்காதீர்கள். அது வைத்தியத்தால் குணமாகிற நோய். தாமதித்தால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது நான்கு காரியம்.

முதலாவது, தனியாக விடாதீர்கள். ஒருவர் மாற்றி ஒருவர் கூடவே இருங்கள். உபதேசம் வேண்டாம், காது கொடுத்தால் போதும். சாகத் தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால்தான் மனம் திறப்பார்கள்.

இரண்டாவது, தோட்டத்து மருந்து, வீட்டில் சேர்ந்திருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திப் பூட்டி வையுங்கள். அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணியக்கூடியது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றுகிறது.

மூன்றாவது, போன் செய்யுங்கள். 14416 என்ற எண்ணை இன்றே எல்லோரும் செல்போனில் பதிந்துகொள்ளுங்கள். இது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. நம் மாநிலத்தில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் நடக்கிறது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை. அத்தாவோ அம்மாவோ பேசி யோசனை கேட்கலாம்.

நான்காவது, உயிருக்கு ஆபத்து என்றால் போனில் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. 108ஐக் கூப்பிட்டு, எது பக்கமோ அந்த அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நமக்கு இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கின்றன. அங்கிருந்து தேவைப்பட்டால் விருதுநகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை இராஜாஜி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள்.

"போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே உயிரை விட்டவர்கள் உண்டு. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதையும் அதே சட்டம் தடுக்கிறது. ஆகவே பயப்படாமல் போங்கள். நடந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. எனக்கு அதிகக் கவலை இதில்தான்.

ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து அனுப்புகிறார்கள். பையன் தூங்குகிறான், சாப்பிடுகிறான். வீட்டில் நிம்மதி. பத்து நாள் மாத்திரை தீர்கிறது. "இப்போதுதான் நன்றாக இருக்கிறானே, எதற்கு மறுபடி?" என்று நிறுத்திவிடுகிறார்கள். சில மாதம் கழித்து நோய் திரும்புகிறது. "இங்கிலீஷ் வைத்தியம் பலிக்கவில்லை" என்று பேச்சு வருகிறது. வைத்தியம் பலித்தது, பாதியில் நின்றுபோனது. ஆஸ்பத்திரிக்குப் போனது தீயை அணைத்தது போல. எரிந்த வீட்டை மறுபடி கட்டுகிற வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

மன அழுத்தத்துக்கான மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். குரல் கேட்பது போன்ற நோய்களுக்கு வருடக் கணக்கில் தேவைப்படலாம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தினமும் மாத்திரை போடுகிறோம், அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. கை நடுக்கம், உடம்பு பருமன், பகல் தூக்கம் என்று தொந்தரவு வந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

டிஸ்சார்ஜ் ஆகிற அன்றே ஐந்து கேள்வி கேட்டு எழுதி வாங்குங்கள். நோயின் பெயர் என்ன? எந்த மருந்து, எவ்வளவு நாள்? அடுத்து வர வேண்டிய தேதி எது? நிலைமை மோசமானால் யாரைக் கூப்பிடுவது? இதே மருந்து எங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் கிடைக்கும்? மதுரையில் தொடங்கிய வைத்தியத்தை மாதாமாதம் மதுரைக்குப் போய்த்தான் தொடர வேண்டும் என்பதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் வந்து பார்க்கிறார், மருந்து இலவசம். எந்தக் கிழமை, எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுகளை எல்லாம் ஒரே பைலில் வையுங்கள்.

மருந்து பாதி என்றால் பேச்சு மறு பாதி. உளவியல் ஆலோசகரிடம் வாரம் ஒரு முறையோ மாதம் இரு முறையோ உட்கார்ந்து பேசுவதும் ஒரு சிகிச்சைதான். கவலையை எப்படிக் கையாள்வது, மனதில் சுழலும் எண்ணத்தை எப்படி அடையாளம் காண்பது என்று அவர் பழக்குகிறார். முதல் நாளே மாற்றம் தெரியாது, சில மாதம் ஆகும். ஒருவரிடம் மனம் ஒட்டவில்லை என்றால் வேறொருவரைப் பார்க்கலாம். பெண்கள் பெண் ஆலோசகர் வேண்டும் என்று கேட்கலாம், தவறில்லை.

ரமலானைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோன்புக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். பல மாத்திரைகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றித் தருவார். லித்தியம் சாப்பிடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உடம்பில் தண்ணீர் குறைந்தால் அந்த மருந்து இரத்தத்தில் ஏறி நஞ்சாகலாம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. மருத்துவர் கூடாது என்றால் ஹஜ்ரத்திடம் கேட்டு அந்தச் சலுகையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

எல்லாம் தெரிந்தும் ஏன் தொடர்வதில்லை? மில் வேலைக்கும் பட்டாசு ஆலைக்கும் பேண்டேஜ் தறிக்கும் போகிற வீடுகளில், துணைக்கு ஒருவர் லீவு போட்டால் அன்றைய கூலி போகும். அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், "வெளியே தெரிந்தால் மகளை யார் கட்டுவார்கள்" என்கிற பயம். அந்தப் பயத்தைக் குடும்பத்தின் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பயத்தைக் கொடுத்தது நாம் எல்லோரும்தான். பைத்தியம், கிறுக்கு என்று கேலி பேசுகிற நாக்குகள் இந்த மஹல்லாவில் அடங்கினால் பாதி நோயாளிகள் தாமாக ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்.

ஆகவே அறக்கட்டளை மூன்று காரியங்களை எடுத்திருக்கிறது. ஒன்று, சிகிச்சை தொடங்கிய ஒவ்வொருவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு துணை. ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண். தேதியை நினைவுபடுத்துவதும் கூடப் போய் வருவதும்தான் அவர் வேலை. இரண்டு, போக்குவரத்துச் செலவும் துணைக்குப் போகிறவரின் ஒரு நாள் கூலியும் மருத்துவ நிதியிலிருந்து கொடுக்கப்படும். ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பம் என்றால் ஜகாத் நிதியிலிருந்து தரலாமா என்பதை ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்வோம். மூன்று, உதவி கேட்பவரின் பெயர் இருவருக்கு மேல் தெரியாது. பதிவேட்டில் எண் மட்டும் இருக்கும். அது எங்களிடம் நீங்கள் கொடுக்கிற அமானத்.

இதற்குப் பணம் மட்டும் போதாது, ஆட்கள் வேண்டும். மாதம் ஒரு நாள் கொடுக்க முடிந்தவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பின் நேரம் கிடைக்கிற சகோதரிகள், கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். எல்லோரும் எழுதுவதற்கு முன்னால் இப்போதே செல்போனை எடுங்கள். 14416. பதிந்துவிட்டீர்களா? பக்கத்தில் இருப்பவருக்கும் பதிந்து கொடுங்கள்.

நோயுற்ற ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களைக் கவனிக்கிற குடும்பங்களுக்குப் பொறுமையையும் பலத்தையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.