சின்னஞ்சிறு சேனையும் என் காமிராவும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் யாவரும் புலமை மிக்கவர்கள். சிலப்பதிகாரத்தைப் பற்றியும் திருவாசகத்தைப் பற்றியும் அவர்கள் பேசக் கேட்டு மகிழ்ந்த இந்த அவையில், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் நான் பேச வந்திருப்பது துணிச்சல்தான். அதிலும் நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் பொம்மைச் சிப்பாய்களைப் படம் பிடிப்பது! "நாற்பது வயதுக்கு மேல் இவருக்குப் பொம்மையா?" என்று உங்களில் சிலர் புன்னகை புரிவது தெரிகிறது. என் மனைவியார் பல ஆண்டுகளாகப் புரிந்து வரும் புன்னகைதான் அது; ஆகவே அது எனக்குப் பழக்கமானதே.

இந்தப் பொழுதுபோக்கு நம் நாட்டில் பிறந்ததன்று. பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரியான ரைஸ்விட்ஸ் என்பார், தம் தந்தையார் வகுத்த போர் விளையாட்டைத் திருத்தி, வரைபடத்தின்மீது சிறு கட்டைகளை நகர்த்திப் போர்முறை பயிலும் விதிகளை 1824-இல் வெளியிட்டார். 1893-இல் பிரிட்டன் என்னும் ஆங்கிலக் குடும்பத்தார், உள்ளே கூடாக இருக்கும்படி ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கினர். ஈயம் குறைந்தது, விலையும் குறைந்தது, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளின் கைக்கும் பொம்மைப் படை வந்து சேர்ந்தது. 1913-இல் புகழ் பெற்ற எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலில் அத்தகைய சிப்பாய்களைக் கொண்டு விளையாடும் விதிகளை எழுதினார். அந்நூலிலேயே பொம்மைப் படைகளின் புகைப்படங்களும் இடம் பெற்றன. உண்மைப் போரைக் காட்டிலும் இச்சிறு போர் எத்துணையோ மேலானது என்பது அவர் கருத்து. ஆனால் மறு ஆண்டே, 1914-இல், ஐரோப்பா உண்மைப் போரில் மூழ்கியது. பின்னர் 1962-இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய 'வார் கேம்ஸ்' என்னும் நூல் இவ்விளையாட்டைப் பெரியவர்களிடையே மேலும் பரப்பிற்று. மேசைமீது குன்றும் ஆறும் அமைத்து, அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடுவார்கள். ஆடுவதைவிட, வண்ணம் தீட்டி அணிவகுத்துப் படம் எடுப்பதிலேயே இன்பம் காண்பவர்களும் உண்டு. நான் அவ்வகையைச் சேர்ந்தவன்.

எந்தப் போரை அமைப்பது என்று எண்ணியபோது, தொலைவில் தேட வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. நாம் வாழும் இதே மராட்டிய மண்ணில், இன்றைய ஜால்னா மாவட்டத்தில், அசாயே என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1803-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் அங்கே கம்பெனிப் படைக்கும் மராட்டியப் படைக்கும் பெரும்போர் நிகழ்ந்தது. கம்பெனிப் படையை நடத்தியவர் ஆர்தர் வெல்லெஸ்லி. 1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபு இவரே. இவருடைய படையில் இரண்டு வெள்ளையர் காலாட்படைப் பிரிவுகள் இருந்தன. சென்னைச் சிப்பாய்ப் பட்டாளங்களோ ஐந்து. சென்னைக் குதிரைப்படைப் பிரிவுகள் மூன்று. தமிழும் தெலுங்கும் பேசியோர் பலர் அவற்றில் இருந்தனர். இன்றும் நம் இந்தியத் தரைப்படையின் மதராஸ் ரெஜிமெண்டு தன் சின்னத்தில் தாங்கியிருக்கும் யானை, அசாயேயின் நினைவாக வந்ததே.

நம்மவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கால்நடையாக வந்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு உண்டான பூரிப்பைச் சொல்லி முடியாது. ரயிலேறி வந்து காலனியில் குடியேறிய நமக்கெல்லாம் அவர்கள் மூத்த அண்ணன்மார் அல்லவா என்று எண்ணினேன். மாதச் சம்பளத்தில் சிறிது சிறிதாக மிச்சம் பிடித்து, வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் சிப்பாய்களைத் தருவித்தேன். ஒவ்வொருவனும் பாதத்திலிருந்து கண்வரை ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் உயரம். ஒரு பொம்மைக்கு இருபது வீரர் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். சிவப்புச் சட்டை, முழங்காலுக்கு மேலே நிற்கும் வெள்ளைக் காற்சட்டை, உயர்ந்த தலைப்பாகை, காலில் செருப்பு. முகத்துக்கு நம் மாநிறத்தையே தீட்டினேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான்கு பேர் என்ற கணக்கில் பட்டாளம் வளர்ந்தது. உலர்த்திய தேயிலைச் சக்கை மண் ஆயிற்று. தேங்காய் நார் புல் ஆயிற்று.

இனிப் படம் எடுத்த கதைக்கு வருகிறேன். கண்ணுக்கு அழகாகத் தெரியும் பொம்மை காமிராவில் அழகாக விழும் என்று எண்ணியது என் முதல் பேதைமை. மேசையருகே நின்றபடி, பிளாஷ் விளக்கோடு கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்தேன். முகமெல்லாம் வெளுத்து, பின்னால் கரிய நிழல் விழுந்து, வீரர்கள் விளக்கு வெளிச்சத்தில் அகப்பட்ட எலிகள் போல் தோன்றினார்கள். பிளாஷை நிறுத்திவிட்டுச் சன்னல் வெளிச்சத்தையும் மின்விளக்கையும் சேர்த்து வைத்து எடுத்தேன். ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் மஞ்சள்! இருவகை ஒளி கலந்தால் நிறம் திரியும் என்று அன்றுதான் அறிந்தேன். ஒரே வகை விளக்கு இரண்டை இரு பக்கமும் வைத்து, அவற்றின் முன் மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டேன். நிழல் மிருதுவாயிற்று. வான் நீலத் தாளைச் சுவரிலிருந்து மேசை வரை மடிப்பில்லாமல் வளைத்து விட்டேன். அதுவே என் ஆகாயம்.

இவற்றினும் பெரிய பாடம் ஒன்று உண்டு. நின்று கொண்டு எடுத்தால் தலைப்பாகைகள்தாம் தெரியும், எத்தனை பேர் என்று எண்ணலாம், அவ்வளவுதான். பார்சல் ஆபீசில் மூட்டைகளை எண்ணுவதற்கும் அதற்கும் வேற்றுமை இல்லை. நான் முழந்தாளிட்டு, பழைய ரயில்வே கால அட்டவணையின்மீது காமிராவை வைத்து, சிப்பாயின் கண் மட்டத்துக்கு லென்சைத் தாழ்த்திய அன்று, வரிசையில் நின்றவர்கள் மனிதர்களானார்கள். ஒருவன் அஞ்சுவது போலவும், மற்றொருவன் களைத்தது போலவும் தோன்றினான். என் தூரிகை தவறிய இடங்களும் அப்போதுதான் கண்ணில் பட்டன. கண்ணுக்கு மறைந்த குறை காமிராவுக்கு மறையாது.

அப்படி எடுத்த படம் ஒன்று எனக்கு மிகவும் பெருமை தந்தது. சென்னைப் பட்டாளம் முன்னே அணிவகுத்து நிற்கிறது. எதிரே மராட்டியர் பீரங்கிகள். அதை அலுவலகத்துக்கு எடுத்துச் சென்று, என்னினும் மூத்த மராட்டிய நண்பர் ஒருவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "படம் அழகாக இருக்கிறது. உங்கள் ஆட்களுக்கு மீசைகூடத் தெரிகிறது. எங்கள் ஆட்கள்தாம் புகைமூட்டமாக இருக்கிறார்கள்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "அது லென்சின் இயல்பு. அருகிலிருந்து எடுக்கும்போது ஒரு வரிசைதான் தெளிவாக விழும்" என்று விளக்கினேன். "அது சரி. எந்த வரிசையைத் தெளிவாக்குவது என்பது உங்கள் கையில்தானே இருக்கிறது?" என்று சொல்லிவிட்டு அவர் தம் பேரேட்டைப் புரட்டத் தொடங்கினார்.

அன்பர்களே, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆயினும் அவர் சொல்லில் உண்மை இருந்தது. நம் சிப்பாய்களுக்கு நான் கண்விழித்து முகம் தீட்டினேன். பீரங்கி வீரர்களுக்கோ அவசரமாக ஒரே பூச்சுப் பூசினேன். மங்கலாகத்தானே விழப் போகிறார்கள் என்பது என் எண்ணம். அசாயேயில் அந்தப் பீரங்கி வீரர்கள் எப்படி நின்றார்கள் என்பதைப் படிக்காதவனா நான்? மராட்டியர் அணியில் நூற்றுக்கு மேற்பட்ட பீரங்கிகள் இருந்தன. துப்பாக்கி முனைக் கத்திகள் நெஞ்சுக்கு நேரே வந்தபோதும் அவற்றை விட்டு அகலாமல் நின்று மடிந்தவர்கள் அவர்கள். கம்பெனிப் படையில் மட்டும் இறந்தவரும் காயமுற்றவருமாக 1,500 பேருக்கு மேல். இரு பக்கத்திலும் களத்தில் நின்றவர்களில் மிகப் பலர் இந்நாட்டு மக்கள். கம்பெனிப் படையை நடத்தியவர் வெல்லெஸ்லி. சிந்தியாவின் பயிற்சி பெற்ற காலாட்படையை நடத்திய போல்மன் என்பவரும் ஓர் ஐரோப்பியரே. கூலிக்கு வந்த நம் முன்னோரும், தம் ஊரில் நின்ற இவர்கள் முன்னோரும் ஒருவரை ஒருவர் குத்திக் கொண்டார்கள். இதில் நான் பூரிப்பதற்கு என்ன இருக்கிறது?

மறு ஞாயிறு முதல் பீரங்கி வீரர்களைத் திரும்பவும் எடுத்து, பழைய வண்ணத்தைக் களைந்து, ஒவ்வொருவனுக்கும் முகம் எழுதினேன். அதற்கு நான்கு மாதம் பிடித்தது. பின்னர்ப் படத்துக்கு வழி தேடினேன். கைப்பேசியை ஒதுக்கிவிட்டு, பழைய காமிரா ஒன்றை வாங்கி முக்காலியில் நிறுத்தினேன். லென்சின் துவாரத்தை எவ்வளவு சிறிதாக்குகிறோமோ, அவ்வளவு ஆழத்துக்குத் தெளிவு கிடைக்கும். துவார எண்ணை 16-இல் வைத்தேன். அதற்கு மேல் சிறிதாக்கினால் படம் முழுதுமே சற்று மழுங்கிவிடும். துவாரம் சிறுத்தால் ஒளி குறையும். ஆகவே ஒரு வினாடிக்கு மேல் திறந்து வைக்க வேண்டும். கை பட்டால் அசையும் என்பதால், தானே இயங்கும் பொறியை முடுக்கிவிட்டு மூச்சடக்கி விலகி நிற்பேன். அப்படியும் இரு படைகளும் ஒருங்கே தெளியவில்லை. முடிவில், காமிராவை அசைக்காமல் தெளிவை மட்டும் முன்னிருந்து பின்னாகச் சிறிது சிறிதாக நகர்த்தி எட்டுப் படங்கள் எடுத்தேன். என் மகள் அவற்றைக் கணிப்பொறியில் ஒன்றாக இணைத்துக் கொடுத்தாள். அதில் சென்னைச் சிப்பாயின் மீசையும் தெரிந்தது. அவனுக்கு எதிரே திரியைப் பிடித்து நின்ற மராட்டிய வீரனின் கண்ணும் தெரிந்தது.

அத்தோடு நிற்கவில்லை. மேசையின் மறுபக்கம் சென்று முழந்தாளிட்டேன். பீரங்கிக்குப் பின்னாலிருந்து பார்த்தால், சிவப்புச் சட்டைக்காரர்கள் எவ்வளவு பயங்கரமாக வருகிறார்கள்! அத்தனை நாள் தூரிகை பிடித்த எனக்கு அது தெரியாமலே இருந்தது.

இரண்டு படங்களையும் நண்பரிடம் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு படி போட்டுத் தரும்படி தம் பேரப்பிள்ளைகளுக்காகக் கேட்டார். அடுத்த விடுமுறையில் நாங்கள் இருவரும் அசாயேக்குச் சென்றோம். ஜால்னாவில் இறங்கிப் பேருந்து பிடித்தோம். கைத்னா ஆற்றங்கரையில் உட்கார்ந்து, என் மனைவியார் கட்டிக் கொடுத்த புளியோதரையையும், அவர் வீட்டுச் சோள ரொட்டியையும் பங்கிட்டு உண்டோம். இறந்தவர்களைப் பற்றி அதிகம் பேசவில்லை.

குழந்தைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. பொம்மைப் படை இல்லையே என்று வருந்த வேண்டாம். வருகிற நவராத்திரிக்கு நம் காலனியில் எத்தனையோ வீடுகளில் கொலு வைப்பார்கள். நின்று கொண்டு படம் எடுக்காதீர்கள். முழந்தாளிட்டு, பொம்மையின் கண்ணுக்கு நேரே காமிராவைத் தாழ்த்துங்கள். முன்படியில் இருப்பவரை மட்டும் அன்றி, பின்படியில் இருப்பவரையும் தெளிவாக்க முயலுங்கள். முதல் முறையில் வராது. பத்தாம் முறையில் வரும்.

அந்த இரு படங்களும் இம்மண்டபத்து வாயிலில் அருகருகே மாட்டப்பட்டுள்ளன. என் மராட்டிய நண்பரும் இன்று நம் அழைப்பை ஏற்று வந்து, தமிழ் புரியாவிட்டாலும் பொறுமையாகக் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். நீங்கள் படங்களைப் பார்க்கும்போது அவரையும் கண்டு இரண்டு வார்த்தை பேசிச் செல்ல வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.