படைக்குடியும் பிள்ளையின் வழியும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



படைத்தொழில் நம்மவர்க்குப் புதிதன்று. இம்மன்றத்தில் வீற்றிருக்கும் பெரியோருள் அவில்தாராகவும் சுபேதாராகவும் இருந்து ஓய்வு பெற்றோர் பலர். அவர்தம் இல்லங்களிற் பாட்டன் படமும் தந்தை படமும் சீருடையோடு விளங்குகின்றன. அவற்றின் அருகே மகன் படத்திற்கும் இடம் விடப்பட்டிருக்கின்றது. அவ்விடத்தைப் பார்த்துக்கொண்டே வளரும் பிள்ளையைப் பற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

படைவீரர் பிள்ளைக்கு ஊர் நிலையில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கொருகாற் பள்ளி மாறும், தோழர் மாறுவர். இக்குறை நோக்கியே, படைப்பிரிவுகள் நடத்திவந்த இருபது பள்ளிகளை நடுவண் அரசு 1963-இல் ஏற்கத் தொடங்கியது. இன்றைய கேந்திரிய வித்தியாலயங்களுக்கு அதுவே தொடக்கம். ஆண்டு இந்தி வரும், ஆங்கிலம் வரும். தமிழ் வருதல் அரிது. (இது பற்றி எமக்குள்ள வருத்தத்தை வேறொருநாட் சொல்வோம்.) காலந்தவறாமை, உடலுரம், எவரோடும் பழகும் இயல்பு ஆகியவை அப்பிள்ளைக்கு எளிதின் வாய்க்கின்றன. ஆயினும், "நீ யாதாக விரும்புகின்றாய்?" என்று அவனை வினவுவார் இலர். விடை முன்னரே தெரிந்ததென்று யாவரும் எண்ணுகின்றனர்.

செருமானிய நாட்டுப் புலவர் ஷில்லரின் வரலாறு இவ்விடத்து நினைக்கத்தக்கது. அவர் 1759-இல் பிறந்தார். தந்தையார் வுர்ட்டம்பர்க் கோமகனின் படையில் மருத்துவம் புரிந்து, பின் அதிகாரியாக உயர்ந்தவர். மகன் சமயநூல் கற்க விழைந்தான். கோமகனோ 1773-இல் அவனைத் தன் படைப்பள்ளியிற் சேர்ப்பித்தான். மகன் என்றும் கோமகன் பணிக்கே உரியவன் என மறு ஆண்டிற் பெற்றோர் எழுதிக் கொடுக்கவும் நேர்ந்தது. முதலிற் சட்டம், பின்னர் மருத்துவம், இறுதியிற் படைப்பிரிவு மருத்துவர் வேலை என யாவும் பிறர் வகுத்தவையே. அப்பள்ளியிலிருந்தபோதே மறைவாக அவர் எழுதிவந்த 'கொள்ளையர்' என்னும் நாடகம் 1782 சனவரியில் மான்ஹைம் நகரில் அரங்கேறிற்று. விடைபெறாது அந்நகர் சென்றமைக்காகப் பதினான்கு நாட் காவலில் வைக்கப்பட்டார். மருத்துவம் ஒழிந்த பிற எழுதலாகாது என்று ஆணையும் பிறந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஓர் இசைவாண நண்பரோடு இரவில் நாடு கடந்து ஓடினார்.

ஓடிய மகனைப் பலரும் பாராட்டுவர். எமக்கோ தந்தையின் நிலையே நெஞ்சை உறுத்துகின்றது. கோமகனின் சினம் தம்மேல் விழக்கூடும் என்னும் அச்சத்தோடு அவர் இருந்திருத்தல் வேண்டும். நல்லூழாக அது விழவில்லை. இன்னொரு செய்தியும் உண்டு. அத்தந்தையார் அரண்மனைத் தோட்டங்களை மேற்பார்க்கும் பணியேற்று, இருபதாண்டு மரம் வளர்த்த பட்டறிவை 1795-இல் ஒரு நூலாக வெளியிட்டார். படையிற் பழகிய அவரும் தமக்குகந்த தொழிலைப் பிற்காலத்தே கண்டார் என்பது இதனாற் புலனாம்.

"பிள்ளை வேறு வழி சென்றால் குலத்தின் வீரம் என்னாவது?" என்பார்க்குத் தொல்காப்பியமே விடை கூறும். வாகை என்றவுடன் போர்க்களத்து வெற்றி ஒன்றையே நாம் நினைக்கின்றோம். ஆசிரியரோ, அவரவர் தத்தம் கூற்றில் மிகுதிப்படுதலையே வாகையாக வகுத்தார். அறிவனையும் தவஞ்செய்வோனையும் பொருநரோடு ஒருங்கு வைத்தார். ஏணியிட்டு மதிலேறியவனுக்கு மட்டும் அவர் அப்பூவைச் சூட்டவில்லை.

இனி, படைக்கே செல்ல விரும்பும் பிள்ளையும் நம் கருத்துக்குரியவன். முன்னர்ப் பதினைந்தாண்டு பணிபுரிந்த சிப்பாய்க்கு ஓய்வூதியம் உண்டு. தந்தைமார் அக்கணக்கையே மனத்திற் கொண்டு பேசுகின்றனர். 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தின்படி பதினேழரை வயது முதல் இருபத்தொன்றுக்குள் சேர்பவர்க்குப் பணி நான்காண்டே. நூற்றுக்கு இருபத்தைவர் வரையே நிலைபெறுவர். ஏனையோர் ஏறத்தாழ ரூ. 11.71 லட்சம் பெற்று, ஓய்வூதியமின்றி வீடு திரும்புவர். ஆகவே, தந்தை காட்டிய வழியே சென்றவனும் இருபத்தைந்து வயதிற்குள் தனக்கென மற்றொரு வழி தேட வேண்டியவனாகின்றான். பதினேழு வயதிற் கல்வியை இடையறுத்து அனுப்பிய வீட்டார் அப்போது அவனுக்கு என்ன சொல்லப்போகின்றனர்?

பெண்மக்களை மறந்து பேசுதல் தகாது. தேசியப் பாதுகாப்புக் கழகத்திற் பயிலப் பெண்களுக்கு 2022-இல் வழி திறந்தது. தந்தையின் தொழிலை உண்மையில் விரும்பும் பிள்ளை சில வீடுகளில் மகளாக இருத்தலும் கூடும்; அவளையும் வினவுங்கள்.

நம் ஆண்டு விழாவிற் படையிற் சேர்ந்த பிள்ளைகளை மேடைக்கு அழைத்து மாலையிடுகின்றோம், அது தொடர்க. அவ்வாண்டே செவிலியராக, தச்சராக, ஆசிரியராக, ஓவியராகத் தொழில் தொடங்கிய பிள்ளைகளையும் அதே மேடைக்கு அதே வரிசையில் அழைக்க வேண்டுமென்றும், படைக்குச் செல்பவர் திரும்பிவந்து படிப்பைத் தொடரக் கல்வி நிதியில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டுமென்றும் செயற்குழுவினரை வேண்டிக்கொள்கின்றோம். அடுத்த கூட்டத்தில் இவ்விரண்டும் வாக்கிற்கு வரும்போது பெரியோர்கள் தத்தம் பிள்ளைகளையும் உடன் அழைத்து வருவார்களாக.