நடை எப்போது வரும்?

"எதிர்வீட்டுப் பிள்ளை பத்து மாசத்துலயே நடந்துடுச்சே, நம்ம பேரன் ஏன் இன்னும் நடக்கல?" பல வீடுகளில் பாட்டிகளின் கவலை இது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. பிடிமானமில்லாமல் நடக்கும் வயது ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை. எவ்வளவு இடைவெளி பாருங்கள்! அதிலும் 100-க்கு 4 பிள்ளைகள் கையூன்றி முட்டிபோட்டுத் தவழவே இல்லை.

அவசரப்பட்டு, உட்கார்ந்து உருளும் வாக்கரை வாங்கிவிடாதீர்கள். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது. படியில் உருண்டு விழும் ஆபத்துதான் அதிகம். கனடா 2004-லேயே அதைத் தடை செய்துவிட்டது. நம் மர நடைவண்டி வேறு, அதில் பிள்ளை தன் காலில் நின்று தள்ளுகிறது. 18 மாதமாகியும் தனியே நடக்கவில்லை என்றாலோ, வந்த நடை நின்றுபோனாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.