நகரத்தில் வாடகை வீடு தேடும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு

(நெகிரி செம்பிலான் தோட்ட மக்கள் சந்திப்பில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு பிள்ளையாவது கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா பக்கம் வேலைக்குப் போகாத குடும்பம் இன்று நம் தோட்டங்களில் குறைவு. விடியுமுன் எழுந்து, மோட்டார் சைக்கிளில் நீலாய்க்கோ சிரம்பானுக்கோ போய், கொமுட்டர் ரயில் பிடிக்கிறார்கள். திரும்பும்போது இரவாகிவிடுகிறது. "அங்கேயே ஒரு வீடு பார்த்துக்கொள்ளேன் தம்பி" என்று அம்மா சொல்கிறார். அந்த ஒரு விஷயத்தைத்தான் இன்று பேசப்போகிறேன்.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். என் அப்பா லாபு வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவர். சட்டம் படிக்கக் கோலாலம்பூர் போனபோது, அறை காலியாக இருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னார்கள். இரண்டு பஸ் மாறிப் போனேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்ததும், "இப்போதுதான் வேறு ஆள் எடுத்துவிட்டார்" என்றார். அடுத்த வாரமும் அதே விளம்பரம் அதே தூணில் ஒட்டியிருந்தது. இன்று அந்தத் தூணின் வேலையை இணையம் செய்கிறது. "இந்தியர்களுக்கு இல்லை" என்று வெளிப்படையாகவே எழுதுகிறார்கள்.

"இது சட்டப்படி குற்றம் இல்லையா சார்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன். கூட்டரசு அரசியலமைப்பின் 8-வது பிரிவு சமத்துவம் பேசுகிறது. ஆனால் அந்தப் பிரிவு அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியாரைக் கட்டுப்படுத்தாது. விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் தொடுத்த வழக்கில் 2005-ல் கூட்டரசு நீதிமன்றம் இப்படித்தான் சொன்னது. அதனால் வீட்டுக்காரர் இனம் பார்த்துக் கதவைச் சாத்தினால், அவர்மேல் வழக்குப் போட நமக்கு இன்று நேரான சட்டம் இல்லை. இங்கிலாந்தில் இனம் பார்த்து வீடு மறுப்பதை 1968-லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அமெரிக்காவிலும் அதே ஆண்டில் சட்டம் வந்தது. நம் நாட்டு அரசாங்கமோ, இனப் பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் சேரப்போவதாக 2018-ல் அறிவித்துவிட்டு, அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கியது.

அப்படியானால் சட்டத்தால் நமக்குப் பயனே இல்லையா? இருக்கிறது. கதவைத் தாண்டி உள்ளே போனபிறகு சட்டம் நம் பக்கமும் நிற்கும். ஆனால் அதற்குக் கையில் தாள் வேண்டும்.

தோட்டத்தில் நாம் தாள் பார்த்து வாழவில்லை. பெரிய கிராணி சொன்னால் சரி, மண்டோர் சொன்னால் சரி. லயத்து வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் யார் பார்த்தார்கள்? வேலை இருந்தவரை வீடு இருந்தது. வேலை போனதும் வீடும் போனது. வாய்ச்சொல்லை நம்பியவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு நமக்கு அடுத்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. புத்ராஜெயா கட்டுவதற்காகப் பிராங் பெசார் முதலிய தோட்டங்களிலிருந்து வெளியேறிய மக்கள், டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் குடிவைக்கப்பட்டார்கள். சொந்த வீடு வரும் என்று 20 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். நகரத்துக்குப் போகும் பிள்ளைகள் அந்தத் தவறைச் செய்யக்கூடாது.

முதலில் பணக் கணக்கு. மாதம் 900 வெள்ளி வாடகை என்று வைத்துக்கொள்வோம். வழக்கப்படி இரண்டு மாத வைப்புத்தொகை 1,800, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் 450, முதல் மாத வாடகை 900. ஆகமொத்தம் 3,150 வெள்ளி. 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளத்தை வைத்தால்தான் சாவி கிடைக்கும். ஆகவே வேலைக்கு ஆர்டர் வந்த அன்றே வீடு தேடாதீர்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுங்கள். எல்லோர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

வீடு கிடைக்கவில்லை என்பதற்காக வேறு இனத்து நண்பர் பெயரில் எடுத்துவிட்டு, நீங்கள் போய்க் குடியிருக்காதீர்கள். அந்த நண்பர் நல்லவராக இருக்கலாம். ஆனால் பிரச்சினை வரும் நாளில் உங்களுக்கு அந்த வீட்டில் காலூன்ற இடம் இருக்காது.

ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரை வரி கட்ட வேண்டும். அது பெரிய செலவு அல்ல. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. வாடகையை வங்கி வழியாகக் கட்டுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். குடிபோகும் அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வையுங்கள்.

வாடகை பாக்கி என்று சொல்லி வீட்டுக்காரர் பூட்டு மாற்றினால்? 1950-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், 7-வது பிரிவு: குடியிருப்பவரை வெளியேற்ற நீதிமன்ற ஆணை வேண்டும். வீட்டுக்காரர் தானாகப் பூட்டுப் போட முடியாது. அதற்காக வாடகை கட்டாமல் இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தும் வெளியேறாமல் இருப்பவரிடம் இரட்டை வாடகை கேட்க வீட்டுக்காரருக்கும் சட்டம் உண்டு.

காலிசெய்தபின் வைப்புத்தொகையைத் திருப்பித் தரவில்லையா? மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு தொகை வழக்குப் போடலாம். 5,000 வெள்ளி வரை வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். அப்போது அந்தத் தாளும் ரசீதும் படங்களும்தான் உங்களுக்கு வக்கீல். தயக்கமாக இருந்தால் சிரம்பானில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தைக் கேளுங்கள்.

ஆக, உள்ளே போனபிறகு காப்பாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. வாசலில் நடக்கும் அநியாயத்துக்கு வழி இன்னும் வரவில்லை. வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவருவது பற்றி அரசாங்கம் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறது. இனம் பார்த்து வீடு மறுக்கக்கூடாது என்ற ஒரு வரி அந்தச் சட்டத்தில் இருக்கவேண்டும். ஓட்டுக் கேட்டு வரும் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் இந்த ஒரு வரியைக் கேளுங்கள். இணையத்தில் "இந்தியர்களுக்கு இல்லை" என்று பார்த்தால் திட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். தேதியோடு படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். சட்டம் கேட்டுப் போகும்போது மேசைமேல் வைக்க நமக்கு ஆதாரம் வேண்டும்.

நம் தாத்தாக்கள் காட்டை அழித்துத் தோட்டமாக்கினார்கள். அந்தத் தோட்டங்கள் இன்று தாமான்களாக மாறிவிட்டன. அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஓர் அறைக்காகத் தன் பெயரை மறைக்கவேண்டிய நிலை இனி வேண்டாம். சொந்தப் பெயரில் கையெழுத்துப் போடுங்கள்.