புயலா? வெறும் மழையா?

(கடலோர ஊர்ப் படிப்பகம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஐப்பசி பிறந்து வாடைக்காற்றுத் திரும்பிவிட்டால், தமிழகக் கடற்கரையில் நடுவர் இல்லாத பட்டிமன்றம் ஒன்று தொடங்கிவிடுகிறது. அந்தமானுக்கு அப்பால் எங்கோ ஒரு மேகத்திரள் கூடினால் போதும். "புயலாகும்" என்பர் ஒரு சாரார். "ஆகாது, கரைக்கு வருமுன்னே கலைந்துவிடும்" என்பர் மறு சாரார். இவர்கள் வானிலைத் துறையிலே ஊதியம் பெறுவோர் அல்லர். ஆசிரியர், வங்கி ஊழியர், கடைக்காரர், கல்லூரி மாணவர் - இப்படிப் பலதிறத்தார். மொட்டைமாடியில் மழைமானி வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதி வைப்போர். ஐரோப்பிய நடுவத்தின் கணினிக் கணிப்பையும் அமெரிக்கரின் கணிப்பையும் அருகருகே வைத்துக்கொண்டு, நள்ளிரவிலும் கண்விழித்து வாதாடுவோர்.

'நிபுணர் இருக்க இவர்களுக்கு ஏன் இந்த வேலை?' என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும். 'சைக்ளோன்' என்று உலகமே வழங்குகிறதே, அந்தச் சொல்லை உண்டாக்கியவர் யார்? ஹென்றி பிட்டிங்டன் என்ற பழைய கப்பல் தலைவர். கல்கத்தாவில் தங்கிவிட்ட அவர், புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் நாட்குறிப்புகளைச் சேகரித்து, எந்த நேரத்தில் எந்தக் கப்பலில் எத்திசைக் காற்று வீசியது என்று ஒப்பிட்டுப் பார்த்து, புயல் என்பது சுழன்று வரும் காற்று என விளக்கினார். இந்தியாவில் வானிலைத் துறை தோன்றியதோ 1875-இல். அவர் மறைந்தது 1858-இல்! வங்கத்திலே மாத்லா ஆற்றின் கரையில் புதுத் துறைமுகம் அமைக்க அரசு முனைந்தபோது, 1853-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கு அவர் எழுதினார்: அவ்விடம் வேண்டாம், புயலின்போது கடல் ஏறிவந்து அழித்துவிடும் என்று. கேட்டார்களா? இல்லை. துறைமுகம் எழுந்தது, கானிங் என்று பெயரும் பெற்றது. 1867-இல் கடல் ஏறி வந்தது. துறைமுகம் பாழாயிற்று.

மேகங்களுக்கு இன்று வழங்கும் வகைப்பெயர்களை 1802-இல் இலண்டனில் ஒரு சிறு கழகத்தின் கூட்டத்தில் படித்துக்காட்டிய லூக் ஹோவர்டும் தொழிலால் மருந்து தயாரிப்பவரே. ஆகவே, ஊதியமின்றி வானம் பார்ப்போரை இகழ்ந்துரைப்பவன் அல்லன் நான். அவர்கள் எழுப்பும் கேள்வியைப் பற்றித்தான் என் வழக்கு.

முதலில், அவர்கள் எதை வைத்து வாதாடுகிறார்கள் என்று பார்ப்போம். கடல்நீர் ஏறத்தாழ 27 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்தோடு இருக்கவேண்டும். அதுவே புயலுக்கு அடுப்பு. நடுவானம் வரை ஈரக்காற்று வேண்டும். உலர்காற்று நுழைந்தால் அடுப்பிலே தண்ணீர் தெளித்த கதை. கீழே ஒரு திசையிலும் மேலே வேறு திசையிலும் காற்று விரைந்தால், எழும்பிய மேகக் கோபுரத்தின் தலை ஒருபுறமும் உடல் ஒருபுறமுமாகச் சாய்ந்துவிடும். சுழற்சி நிலத்தை ஒட்டி நகர்ந்தாலும் வலுக்குன்றும். 'ஆகும்' என்பவர் கடலின் வெப்பத்தைச் சுட்டுவார்; 'ஆகாது' என்பவர் மேற்காற்றையும் உலர்காற்றையும் சுட்டுவார். இருவரிடமும் காரணம் உண்டு. நாளைக்கே பொய்த்துப்போகக் கூடிய கணிப்பைத் துணிந்து சொல்லுகிறார்கள். பொய்த்தால் ஊரே கேலி செய்யும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆண்டு முழுமைக்கும் இத்தனை மரக்கால் மழை என்று அச்சடித்து விற்கும் பஞ்சாங்கத்தை, ஆண்டு முடிவில் மழைமானியோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் யார்?

இனி, 2024 நவம்பரில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். நவம்பர் 25 அன்று தாழ்வு மண்டலம் உருவாயிற்று. 26 அன்று அது ஆழ்ந்த தாழ்வு மண்டலம். மறுநாளே புயலாகும் என்று அரசின் வானிலைத் துறை அறிவித்தது. ஆகவில்லை! இலங்கைக் கரையை ஒட்டி ஊர்ந்தது, நின்றது, மீண்டும் ஊர்ந்தது. 28 அன்று, இனிப் புயலாக வாய்ப்பில்லை, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்றனர். 'ஆகாது' அணியினர் மார்தட்டினர். 29 பிற்பகலில் அது புயலாயிற்று. சவுதி அரேபியா கொடுத்து வைத்திருந்த 'ஃபெங்கல்' என்ற பெயரும் சூட்டப்பட்டது. இப்போது எதிரணியின் முறை. 30 இரவு புதுவைக்கு அருகே கரையேறியது.

வென்றவர் யார் என்ற ஆராய்ச்சி அத்துடன் முடிந்துவிட்டது. ஆனால், 26-ஆம் நாளே - பெயர் சூட்டப்படுவதற்கு மூன்று நாள் முன்பே - இலங்கையின் கிழக்கே, அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில் மாணவர்கள் ஏறிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. பள்ளிப்பிள்ளைகள் மாண்டனர். அன்று அது புயல் அல்ல. 'வெறும்' தாழ்வு மண்டலம்!

புயலுக்கும் ஆழ்ந்த தாழ்வு மண்டலத்துக்கும் உள்ள வேறுபாடு யாது? காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டர் வரை இருந்தால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அதைத் தாண்டினால் புயல். காற்றை மட்டுமே அளக்கும் கோல் அது. கடலில் இருப்பவனுக்கும் கூரைவீட்டில் இருப்பவனுக்கும் காற்று முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோலில் மழைக்குக் கோடு கிடையாது. எத்தனை சென்டிமீட்டர் பெய்யும், எத்தனை மணி நேரம் ஒரே இடத்தில் நின்று பெய்யும், அந்த நீர் எந்த ஆற்றில் இறங்கும் என்பதை அது சொல்லாது.

கரையேறிய ஃபெங்கல் நகர மறுத்தது. புதுவை அருகே பல மணி நேரம் அசையாமல் நின்றது. டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுவையில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர். மயிலத்தில் ஏறத்தாழ 50. பின்னர் வலுவிழந்தது, புயல் என்ற பட்டத்தையும் இழந்தது. ஆபத்து நீங்கியதா? வலுவிழந்த பிறகுதான் கடலை விட்டு வெகுதொலைவில் உள்ள ஊத்தங்கரையில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் கொட்டிற்று! திருவண்ணாமலையில் மலைச்சரிந்து வீட்டின்மேல் விழுந்து எழுவர் மாண்டனர். தென்பெண்ணையில் திரண்ட நீர் சாத்தனூர் அணைக்கு வந்தது. டிசம்பர் 2 விடியற்காலையில் நொடிக்கு 1,68,000 கன அடி வெளியேற்றப்பட்டது. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டத்து ஆற்றோர மக்களின் வீடுகளில் நீர் புகுந்தது. புயல் கடந்துவிட்டது என்று நிம்மதியோடு உறங்கச் சென்றவர்கள் அவர்கள்.

இது ஏதோ ஒருமுறை நேர்ந்த விபரீதம் என்று கருதாதீர்கள். 2015 டிசம்பர் 1 அன்று சென்னையை மூழ்கடித்த மழைக்குப் புயல் என்ற பெயரே இல்லை; தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. அதற்குக் காரணம் வளிமண்டலச் சுழற்சி ஒன்று, அவ்வளவே. 95 சென்டிமீட்டர் என்றால் என்ன பொருள்? ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மேல் 950 லிட்டர் நீர். அதே மாதத் தொடக்கத்தில் சென்னையை வெள்ளக்காடாக்கிய மிச்சாங் புயலோ, கரையேறியது ஆந்திரத்துப் பாபட்லா அருகே!

எனவே 'புயல் ஆகுமா, ஆகாதா?' என்று மட்டும் கேட்டுவிட்டு, 'ஆகாது' என்றதும் பாயை விரித்துப் படுப்பது மாடிவீட்டுக்காரருக்குக் கட்டுபடியாகலாம். அடையாற்றின் கரையில், தென்பெண்ணையின் கரையில் குடிசை போட்டிருப்பவனுக்குக் கட்டுபடி ஆகாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கடலுக்குப் போகாதே என்று ஒரு கட்டளை பிறந்தால், அன்று படகு கரையிலே. உலை அடுப்பிலே ஏறாது. நான்குமுறை தடுத்து, நான்குமுறையும் வானம் வெளுத்துவிட்டால், ஐந்தாம் முறை மீனவன் நம்புவானா? அவன் அறியாமையால் மீறுவதில்லை. வாடையும் கொண்டலும் கச்சானும் சோழகமும் எப்போது திரும்பும் என்று உடலாலே அறிந்தவன் அவன். கடன்காரனும் வீட்டு வாசலில் நிற்கிறான் என்பதுதான் கணக்கு. ஆனால், 2017-இல் ஒக்கி வந்த கதையை மறக்க முடியுமா? நவம்பர் 29-இல் குமரிக்கடலில் தாழ்வு மண்டலம், மறுநாளே புயல்! பல நாள் தங்கி மீன்பிடிக்கச் சென்றிருந்தோர் அப்போது ஆழ்கடலில் இருந்தனர். கரையிலே ஒலித்த எச்சரிக்கை அவர்கள் காதுக்கு எப்படி எட்டும்? தமிழகமும் கேரளமும் இழந்த மீனவர் நூற்றுக்கணக்கில். எச்சரிக்கை கொடுத்துத் தடுக்கும் நாளுக்குக் கூலி ஈடு, ஆழ்கடலுக்கும் எட்டும் செய்திக்கருவி - இவ்விரண்டையும் மீனவர் கேட்பது சலுகை அல்ல. எச்சரிக்கையின் ஒரு பகுதியே அது.

நம் தோழர்களுக்கு ஒரு வேலை உண்டு. இந்தப் படிப்பகத்தின் வாசலில் கரும்பலகை இருக்கிறது. மழைக்காலம் முழுவதும் அதில் எழுதுங்கள். எந்த நாள், எந்த மணிக்கு வந்த அறிவிப்பு, யார் சொன்னது, மஞ்சளா ஆரஞ்சா சிவப்பா, எத்தனை சென்டிமீட்டர், மேலே எந்த அணை திறந்திருக்கிறது - இவ்வளவும் எழுதவேண்டும். நேற்றைய கணிப்பை அழித்துவிடாதீர்கள். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அதன் கீழே இன்றையதை எழுதுங்கள். ஊதியமின்றி வானம் பார்க்கும் இளைஞர் நம் ஊரிலும் இருப்பர். அவர்களை அழைத்து வந்து பலகையின் பக்கத்தில் நிறுத்துங்கள். 'ஆகும்', 'ஆகாது' என்று தாராளமாக வாதாடட்டும். வாதம் முடிந்ததும் 'மழை எவ்வளவு? எங்கள் வாய்க்கால் தாங்குமா?' என்று நாம் கேட்போம்.

மழைமானிக்கு ஏற்பாடு செய்யப்படுகிறது. வரும்வரை, வாயும் அடியும் ஒரே அகலமாய், பக்கம் நேராய் உள்ள பாத்திரம் ஒன்றை வெட்டவெளியில் வைத்து, காலை 8.30-க்கு அளவுகோலால் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து எழுதுங்கள். மரத்தடியிலோ கூரையோரத்திலோ வைக்கவேண்டாம். அங்கே விழுவது வானத்தின் கணக்கு ஆகாது.