திண்ணை கட்டிய ஊருக்கு ஒரு வேண்டுகோள்



2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், நம் அண்டை மாவட்டமாகிய இராமநாதபுரத்தின் ஏர்வாடியில், மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓடித் தப்ப இயலவில்லை. 28 பேர் மாண்டனர். தீ எவ்வாறு மூண்டதாயினும், சங்கிலியைப் பூட்டியவை மனிதர் கைகளே.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடைசெய்தது. சமூகத்தோடு இணைந்து வாழ்வதை அவர்தம் உரிமையாக்கியது. ஆயினும், குடியிருக்க வீடு தர வேண்டியோர் ஊராரே.

சென்னையில் 1993இல் தோன்றிய ‘தி பேனியன்’ தொண்டு நிறுவனம் அதற்கு வழி காட்டியுள்ளது. காப்பகங்களில் நெடுங்காலம் கழித்தோரை, 2015 முதல், நான்கைந்து பேராக ஊர்த்தெருக்களின் வாடகை வீடுகளில் குடியமர்த்தி வருகிறது. துணைக்குப் பணியாளர் உண்டு. அங்கே அவர்கள் சமைக்கின்றனர், கடைக்குச் செல்கின்றனர், அண்டை வீட்டாரோடு அளவளாவுகின்றனர்.

செட்டிநாட்டில் முகப்பும் வளவும் உடைய வீடுகள் பல, விழா நாள் தவிரப் பூட்டியே கிடக்கின்றன. வழிப்போக்கர் இளைப்பாறத் திண்ணை கட்டியோர் நம் முன்னோர். நாளை இத்தகையோர் வீடு கேட்டு வரும்பொழுது, நோயின் பெயர் கேட்டுக் கதவடைக்காதிருப்போம். அண்டை வீட்டார் என்ற உறவு அன்றே தொடங்கட்டும்.