துருக்கிக்கு என்ன பதில்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் துருக்கியைச் சேர்க்கலாமா என்பது தலைப்பு. ஜெர்மனியில் நர்ஸாக வேலை பார்க்கும் எனக்கு இது தூரத்து விஷயமில்லை.

துருக்கி 1987இல் விண்ணப்பித்தது. 1999இல் வேட்பாளர் நாடானது. 2005இல் பேச்சுவார்த்தை தொடங்கியது. 35 பிரிவுகளில் இதுவரை தற்காலிகமாக முடிந்தது ஒன்றே ஒன்று. 2018இல் எல்லாம் நின்றுபோனது.

"அது முஸ்லிம் நாடாயிற்றே" என்கிறார்கள் சிலர். கிறிஸ்தவப் பெண்ணாகவே சொல்கிறேன், இந்தக் காரணம் எனக்கு ஏற்பில்லை. கிறிஸ்துமஸ் இரவில் என் ஷிஃப்டைத் துருக்கித் தோழி பார்ப்பார். ரம்ஜானுக்கு அவருடையதை நான் பார்ப்பேன். ஒன்றியம் 1993இல் கோபன்ஹேகனில் வகுத்த நிபந்தனைகளில் மதம் இல்லை. மக்களாட்சி, சட்டத்தின் ஆட்சி, மனித உரிமை, சிறுபான்மையினர் பாதுகாப்பு, சந்தைப் பொருளாதாரம் ஆகியவைதான் உண்டு.

இன்றைக்கு வேண்டாம் என்று நான் சொல்வதும் அவற்றை வைத்துத்தான். ஒஸ்மான் கவாலாவை விடுவிக்கும்படி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2022இல் துருக்கி நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. உறுப்பு நாடான சைப்ரஸின் வடக்கில் 1974 முதல் துருக்கிப் படை நிற்கிறது. எட்டுக் கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாடு உள்ளே வந்தால், அமைச்சர் அவையில் ஜெர்மனிக்கு நிகரான வாக்குபலம் கிடைக்கும். அந்த பலம் எப்படிப் பயன்படும் என்று கேட்பதில் தப்பில்லை.

ஆனால் கதவைப் பூட்டிவிடக் கூடாது. சேரலாம் என்ற நம்பிக்கை இருந்த காலத்தில்தான், 2004இல், துருக்கி மரண தண்டனையை முற்றாக ஒழித்தது. நிபந்தனை நிறைவேறினால் இடம் உண்டு என்பதை மனதார சொல்ல வேண்டும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று வைத்துக்கொண்டு ஒரு நாட்டைக் காக்கவைத்தால், அங்கே மக்களாட்சிக்காகச் சிறை போகிறவர்களைத்தான் நாம் முதலில் கைவிடுகிறோம்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.